ஹெர்பர்ட்டும் மூன்று மீன் துப்பாக்கிகளும்

காபியைக் கொடுத்தால் ஹெர்பர்ட் உடனே குடித்துவிட மாட்டார். முதலில் அதை டபராவில் ஊற்றிவிடுவார். காலியான டம்ளரை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டிக் காதோரம் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். என் மனைவி ருக்கு இதை முதன்முதலில் பார்த்தபோது, பாத்திரம் சரியாகத் துலக்கவில்லையோ என்று பதறிப்போய்ச் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். "ஒண்ணும் இல்ல ருக்கும்மா, சவுண்டு கரெக்டா இருக்குது," என்று சொல்லிவிட்டுத்தான் மனிதர் காபியில் வாய் வைத்தார். இப்போது எங்களுக்குப் பழகிவிட்டது. சத்தம் சரியில்லாத டம்ளர் ஒன்று எங்கள் வீட்டில் உண்டு. அதை மட்டும் அவருக்குக் கொடுப்பதில்லை.

தொழில் அப்படி. பெங்களூர் கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றதும் நீளப் பிடி போட்ட சுத்தியலோடு பெட்டி பெட்டியாகக் குனிந்து, சக்கரங்களைத் தட்டிக்கொண்டே போகும் காக்கிக் கால்சட்டைக்காரரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 'டிங்' என்று கேட்டால் சக்கரத்தில் குறையில்லை. 'டொப்' என்று கேட்டால் உள்ளே எங்கேயோ விரிசல். உடனே அந்தப் பெட்டியைக் கழற்றி ஓரங்கட்டச் சொல்ல வேண்டும். முதல் வகுப்பு ஆசாமிகள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு திட்டுவார்கள். திட்டுக்கு ஹெர்பர்ட் பயப்படுவதில்லை. சொல்லாமல் விட்ட சக்கரம் ஏதாவது இருக்குமோ என்பதுதான் அவருடைய பயம். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்த பிறகும், போன ரயில் ஜோலார்பேட்டை தாண்டியிருக்குமா என்று யோசித்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தபடியே இருப்பார் என்று அவர் மனைவி ஜோசஃபின் சொல்லிச் சிரிப்பார்.

ஃபிரேசர் டவுனில் எங்களுக்கு அடுத்த வீடு. காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போவார். திரும்பி வருவார். கதவு சாத்தித்தான் இருக்கும். இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடி கிளம்புவார். "என்ன ஹெர்பர்ட், எதை மறந்துட்டீர்?" என்று நான் வேண்டுமென்றே கேட்பேன். "மறக்கல சார். மறந்திருந்தா இன்னா பண்றதுன்னு பாக்க வந்தேன்," என்பார்.

இப்படிப்பட்டவரிடம் போய், மூன்று மீன் துப்பாக்கிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடு என்று சொன்னால் என்ன ஆகும் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். மீனைப் பற்றி எழுத எனக்கு ஒரு யோக்கியதையும் இல்லை. மைசூர் சர்க்காரில் மராமத்து இலாகாவுக்கு வரைபடம் போட்டுப் பென்ஷன் வாங்குகிறவன் நான். எங்கள் வீட்டில் ராசிபலன் பார்க்கும்போதுதான் மீன் என்ற பேச்சே வரும். ஆனாலும் போன வைகாசியில் மூன்று வார காலம், விரும்பியோ விரும்பாமலோ, மீன் குத்தும் வித்தையில் எனக்குப் பாடம் நடந்தது.

ஹெர்பர்ட்டுக்கு ஒரே மகள், மாதாவின் பெயர் வைத்த ஃபாத்திமா. ஜோசஃபினுக்குத் தூத்துக்குடியில் சொந்தம் உண்டு. அந்த வழியில் மைக்கேல்ராஜ் மாப்பிள்ளையானார். கறுத்து, உயரமாக, அகலமான மார்போடு, பேசுவதை விடச் சிரிப்பதே அதிகமாக இருக்கும் மனிதர். சீசனில் கடலில் முழுகிச் சங்கு எடுக்கிறார். சீசன் முடிந்தால் கரையோரப் பாறைத் திட்டுகளில் முழுகி மீன் குத்துகிறார். அதற்கு அவரிடம் இருந்தது ஒரு கம்பி ஈட்டி. அதன் பின்முனையில் சைக்கிள் டியூபை அறுத்துச் செய்த ரப்பர் வளையம். வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி இழுத்து விட்டால் ஈட்டி கைநீளம் பாயும். கைநீளம்தான். அதனால் பாறைப் பொந்துக்கு நேரே, மீனின் மூஞ்சிக்கு எதிரே போய், அது வெளியே தலை காட்டும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்க வேண்டும். சென்ற ஆவணியில் அப்படிக் கிடந்துவிட்டு, மூக்கிலும் காதிலும் ரத்தம் வழியக் கரையேறியிருக்கிறார். கரையில் நின்றிருந்தவள் ஃபாத்திமா.

தலைப்பிரசவத்துக்காக அவளைக் கொண்டுவந்து விட மாப்பிள்ளை வந்திருந்தார். மூன்று வாரம் தங்கிவிட்டு அவர் மட்டும் ஊருக்குத் திரும்ப வேண்டும். திரும்பியதும் மீன் வேட்டை. ஃபாத்திமா தகப்பனாரைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டுச் சொன்ன வார்த்தைகளை ஹெர்பர்ட்டே என்னிடம் வந்து ஒப்பித்தார். "அப்பா, தூரத்துலேர்ந்து அடிக்கிற மாதிரி துப்பாக்கி வந்திருக்குதாம். அது இருந்தா இவரு அவ்ளோ நேரம் உள்ள கெடக்க வேணாம். நீங்களே பாத்து ஒண்ணு எடுத்துக் குடுங்க. நீங்க எடுத்ததுன்னா நான் இங்க நிம்மதியா படுப்பேன்." சொல்லி முடித்த ஹெர்பர்ட் எங்கள் வீட்டு ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஏன் சார் என்கிட்ட சொன்னா? அவ அம்மாகிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றார். சங்கிலியைத் தட்டிப் பார்க்கக்கூட மறந்துவிட்டார்.

பெங்களூரில் கடல் துப்பாக்கி எங்கே கிடைக்கும் என்று கேட்காதீர்கள். வெள்ளைக்காரத் துரைகள் மூட்டை கட்டிக்கொண்டு போனபோது, மூட்டையில் அடங்காததெல்லாம் பிளாக்பள்ளி மார்க்கெட்டுக்குப் பின்னால் யாகூப் பாய் கடையில் வந்து குவிந்தது. புலித்தலை, கிராமபோன் குழாய், குளியல் தொட்டி, குதிரைச் சேணம். பல தேசத்துக் கடல்களில் முழுகிப் பார்த்த ஏதோ ஒரு மேஜர் விட்டுப்போன மூன்று மீன் துப்பாக்கிகளும் அங்கே சுவரில் தொங்கின. வாங்குவோர் இல்லாமல் தூசி படிந்து கிடந்தன. ஹெர்பர்ட் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். மாப்பிள்ளையை அழைத்துப் போகவில்லை. "அவரு வந்தா உடனே ஒண்ணக் கையில எடுத்துக்குவாரு சார். யோசிக்க வுட மாட்டாரு."

முதல் துப்பாக்கி நீண்ட இரும்புக் குழாய். உள்ளே சுருள் ஸ்பிரிங். ஈட்டியை வாய்ப்புறமாக நுழைத்து, வயிற்றில் முட்டுக்கொடுத்து அமுக்கினால் ஸ்பிரிங் சுருங்கி விசையில் மாட்டிக்கொள்ளும். விசையை அழுத்தினால் ஈட்டி பாயும். இரண்டாவது வெறும் தேக்குக் கட்டை. முனையிலிருந்து இரண்டு தடித்த ரப்பர் பட்டைகளைப் பின்னால் இழுத்து ஈட்டியின் பள்ளத்தில் மாட்ட வேண்டும். பையன்கள் மாங்காய் அடிக்கிற கவண் மாதிரிதான். மூன்றாவதுக்கு நிஜத் தோட்டாவே போட வேண்டும். தண்ணீருக்குள் வெடித்து ஈட்டியைத் தள்ளுமாம். முதல் இரண்டிலும் ஈட்டிக்கும் துப்பாக்கிக்கும் நடுவே நீளக் கயிறு கட்டியிருந்தது. குத்துப்பட்ட மீன் ஓடிப்போகாமல் இருக்க.

ஹெர்பர்ட் சட்டைப் பையிலிருந்து சின்னச் சுத்தியலை எடுத்தார். டூட்டியில் இல்லாத நேரத்துக்கென்று அவர் தனியாக வைத்திருப்பது. ஸ்பிரிங் துப்பாக்கியைத் தட்டினார். குழாய் 'டிங்ங்ங்' என்று நீளமாகப் பாடியது. மனிதருக்கு முகமே மலர்ந்துவிட்டது. ரப்பர் துப்பாக்கியைத் தட்டினார். கட்டையில் 'டொக்'. ரப்பரில் ஒன்றுமே இல்லை. மறுபடி தட்டினார். "இது பேச மாட்டேங்குது சார்," என்று என்னிடம் முறையிட்டார். மூன்றாவதைத் தட்டச் சுத்தியலை ஓங்கியபோது யாகூப் பாய் பாய்ந்து வந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அரே சாப், உள்ள மால் இருக்குதா இல்லியான்னு எனக்கே தெரியாது. கடைய கொளுத்திப் போடாதீங்க." மூன்றையும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வேண்டியதை வைத்துக்கொள்ளலாம் என்றும் அவரே சொன்னார். அந்தக் கடை வாசலைத் தாண்டி ஹெர்பர்ட் போனால் போதும் என்று அவருக்கு ஆகிவிட்டது.

வீட்டில் ஜோசஃபின் தோட்டாத் துப்பாக்கியைக் கோழிக்கூண்டுக்கு அந்தப்பக்கம் வைக்கச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை மற்ற இரண்டையும் கையில் தூக்கி நிறை பார்த்தார். அப்புறம் ரப்பரை எடுத்துத் தோளில் சாத்திக்கொண்டார். "இது போதும் மாமா. ஸ்பிரிங்கு உப்புத்தண்ணியில துருப்பிடிச்சுரும். சத்தமும் போடும், மீனு ஓடிரும்."

அதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். கடலில் பிறந்து வளர்ந்தவன் சொல்கிறான். ரயிலில் வளர்ந்தவர் கேட்டுக்கொள்ள வேண்டியதுதானே? ஹெர்பர்ட் கேட்பாரா? "ரப்பர் எப்ப அறுந்துபோவும்னு யாருக்கு மாப்ள தெரியும்? இரும்புன்னா முன்னாடியே சொல்லிடும். தட்டிப் பாத்தா தெரிஞ்சிடும். இது கம்னு இருந்துட்டுப் பட்டுனு கைய விட்டுடுமே." "ரப்பரு அத்துப்போனா மீனு தப்பிச்சுரும் மாமா. அவ்வளவுதான், எனக்கு ஒண்ணும் ஆவாது," என்று மாப்பிள்ளை சிரித்தார்.

பிறகு பரீட்சைகள் ஆரம்பமாயின. ஸ்பிரிங்கைக் கழற்றி உப்புக் கரைத்த வாளியில் ஊறப்போட்டார். துரு ஏறியது. எண்ணெய் போட்டுத் துடைத்து மறுபடி ஊறப்போட்டார். ரப்பர் வெயிலில் வெடிக்கிறதா என்று பார்க்க, பட்டைகளைக் கழற்றி எங்கள் வீட்டு மொட்டை மாடியில், ருக்கு வடாம் பிழிந்து வைத்திருந்த துணியின் ஓரத்திலேயே காயவைத்துவிட்டார். ருக்கு அன்றைக்குப் போட்ட சத்தத்தில் தெருவே வெளியே வந்தது. ஹெர்பர்ட் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைசியில், "ருக்கும்மா, அந்த ரப்பர்ல கீறல் விழுந்துதா, பாத்தீங்களா?" என்று கேட்டார். பாவம் என்று அவளே இறங்கி வந்து, விழவில்லை என்று சொன்னாள்.

தூக்கம் போய்விட்டது அவருக்கு. சாப்பாடும் குறைந்தது. காலையில் ஸ்பிரிங் என்பார், மத்தியானம் ரப்பர் என்பார். டூட்டியில் ஒருநாள் ஒரே சக்கரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டு நின்றதில், கார்டு பச்சைக்கொடியைச் சுருட்டிக்கொண்டு இறங்கி வந்து, "ஏனாயித்து ஸ்வாமி?" என்று கன்னடத்தில் என்ன ஆச்சு என விசாரித்துவிட்டுப் போனாராம். எனக்கு எரிச்சலாக வந்தது. "எதையாவது ஒண்ணை எடுத்துக் குடுத்துத் தொலையுமேன்," என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். "குடுத்துத் தொலைச்சிடலாம் சார். அப்பறம் ஆவணி மாசத்துல ஒரு தந்தி வந்தா, யார் எடுத்துக் குடுத்ததுன்னு அவ என்னத்தான பாப்பா," என்றார்.

கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதில் வந்து நின்றது. பெங்களூரில் கடலுக்கு எங்கே போவது? தொம்மலூரில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் நாணு ஹெர்பர்ட்டுக்குத் தெரிந்தவர். அவருடைய தோட்டத்தில் கல்கட்டிய பெரிய கிணறு ஒன்று இருக்கிறது. சுற்றிலும் இறங்கப் படிகள் உண்டு. நல்ல ஆழம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு, மாமனாரும் மாப்பிள்ளையும் இரண்டு துப்பாக்கிகளை ஜமக்காளத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். நானும் கூடப் போனேன். நாணு வெட்டி வைத்திருந்த வாழை மரத் துண்டு ஒன்றைக் கல்கட்டி அடியாழத்தில் இறக்கினோம். அதுதான் மீன்.

மைக்கேல்ராஜ் முகத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரப்பர் துப்பாக்கியோடு முழுகினார். சத்தம் இல்லை, சலனம் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஈட்டி பாய்ந்த வாழைத்தண்டோடு மேலே வந்து பல்லைக் காட்டினார். நான் திரும்பிப் பார்த்தால் ஹெர்பர்ட்டின் முகம் நாவற்பழ நிறத்தில் இருந்தது. மாப்பிள்ளை உள்ளே போனதிலிருந்து இவரும் மூச்சு விடவில்லை. "நீர் எதுக்கய்யா அடக்கறீர்?" என்றேன். "நான் விட்டுட்டா அவருக்கு எவ்ளோ நேரம் ஆச்சுன்னு எனக்கு எப்பிடி சார் தெரியும்?" என்று மூச்சிரைத்துக்கொண்டே சொன்னார்.

போதும், வீட்டுக்குப் போகலாம் என்று நான் சொன்னேன். ஹெர்பர்ட் கேட்கவில்லை. "இதையும் பாத்துடலாம் மாப்ள. பாக்காம விட்டா எனக்கு மனசு ஆறாது," என்று ஸ்பிரிங் துப்பாக்கியை நீட்டினார். மைக்கேல்ராஜ் அதன் கயிற்றைப் பார்த்தார். அடி பலமாக இருக்கும், துப்பாக்கி கையை விட்டுப் போய்விடக் கூடாது என்று கயிற்றின் இந்த முனையைத் துப்பாக்கியிலிருந்து அவிழ்த்துத் தம் இடுப்பில் சுற்றித் துப்பாக்கியையும் அதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். கண் பார்க்காமலே கை முடிச்சுப் போட்டது. முழுகினார்.

'டங்' என்று கிணறு முழுவதும் கேட்டது. ஈட்டி வாழைத்தண்டைத் துளைத்துக்கொண்டு போய், எதிர்ச்சுவரின் கீழே இரண்டு கல்லுக்கு நடுவே ஆழமாக மாட்டிக்கொண்டுவிட்டது என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரியும். அப்போது நாங்கள் பார்த்தது, மேலே வந்துகொண்டிருந்த தலை தண்ணீர்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே சட்டென்று நின்றதைத்தான். கயிறு அவ்வளவுதான் எட்டியது. தலைமுடி தண்ணீரில் அலைந்தது. கை ஒன்று மேலே நீண்டது. பிறகு இரண்டு கையும் இடுப்புக்குப் போயின. எதையோ பிய்த்தன. பிய்க்க வரவில்லை. குமிழி குமிழியாக வந்தது.

ஹெர்பர்ட் காக்கிக் கால்சட்டையோடும் பூட்ஸோடும் குதித்துவிட்டார். அவருக்கு நீச்சல் தெரியாது. நான் படியில் நின்று, நாணு, நாணு என்று கத்துகிறேன். பாத்தியில் களை வெட்டிக்கொண்டிருந்த நாணு அரிவாளோடு ஓடிவந்து அப்படியே பாய்ந்தார். கயிற்றை அறுத்து முதலில் மருமகனை மேலே தள்ளினார். பிறகு மாமனாரைச் சட்டைக் காலரில் பிடித்துத் தூக்கிப் படியில் போட்டார். இருவரும் கிடந்து இருமினார்கள். மைக்கேல்ராஜ்தான் முதலில் எழுந்து உட்கார்ந்தார். "ஒண்ணுமில்ல மாமா, ஒண்ணுமில்ல," என்று மாமனாரின் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

திட்டுவார், அழுவார் என்று நான் நினைத்தேன். ஹெர்பர்ட்டோ மருமகனின் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அறுபட்ட கயிறு அங்கே இன்னும் சுற்றியிருந்தது. முடிச்சு கல் மாதிரி இறுகி இருந்தது. ஹெர்பர்ட் நகத்தால் நெம்பிப் பார்த்தார். அசையவில்லை. "இன்னா மாப்ள முடிச்சு இது?" என்று கேட்டார்.

"எங்க ஊரு முடிச்சு மாமா. எவ்வளவு இழுத்தாலும் அவுறாது." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "சங்கு குளிக்கப் போகையில இடுப்புல கயித்தக் கட்டிக்கிட்டுத்தான் எறங்குவோம். மறுமுனைய வள்ளத்துல மச்சான் புடிச்சிருப்பாரு. பொண்டாட்டிக்குக் கூடப் பொறந்தவரு. கீழருந்து ஒரு சுண்டு சுண்டினா மேல இழுத்துருவாரு. அவருகிட்டதான் நம்ம உசிரு. முடிச்சு அவுந்துட்டா ஆளு போச்சு. அதனால சின்னதுலருந்தே இந்த முடிச்சுதான் கைக்கு வரும். எனக்கு மச்சான் இல்லாததால பெரியப்பா மகன் புடிக்கிறாரு." பிறகு அவரே ஈட்டி மாட்டியிருந்த சுவரைப் பார்த்தார். "கை ஈட்டிக்குக் கயிறு கெடையாது மாமா. மீன் குத்தக் கயித்தோட எறங்குதது இன்னைக்குத்தான். கை பாட்டுக்குக் கட்டிருச்சு."

"அந்தப் பக்கம் மச்சான் இருந்தா சரி," என்றார் ஹெர்பர்ட். "இந்தக் கயித்துல அந்தப் பக்கம் மீனு இல்ல இருக்குது. மீனு மேலயா இழுக்கும்?" அப்புறம் அறுபட்ட நுனியைக் கையில் பிடித்துக்கொண்டார். "எனக்கு ஒரு பையன் பொறந்திருந்தா ஒன் கயித்தப் புடிச்சிருப்பான் மாப்ள." மாப்பிள்ளையை அவர் ஒருமையில் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். நாணு எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

வீட்டில் மறைத்துவிடலாம் என்று மைக்கேல்ராஜ் வழியெல்லாம் கெஞ்சினார். ஹெர்பர்ட்டுக்கு மறைக்க வராது. வாசற்படி ஏறும்போதே சொல்லிவிட்டார். ஃபாத்திமா அழவில்லை. ஸ்பிரிங் துப்பாக்கியை வாங்கி, கோழிக்கூண்டுக்கு அந்தப்பக்கம் கிடந்த தோட்டாத் துப்பாக்கியோடு சேர்த்து கேட்டுக்கு வெளியே ரோட்டோரத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாள் வரைக்கும் தகப்பனோடும் பேசவில்லை, புருஷனோடும் பேசவில்லை. இரண்டையும் யாகூப் பாயிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது நான்தான். ரப்பர் துப்பாக்கி மட்டும் வீட்டில் தங்கியது.

இனியாவது மனிதர் நிம்மதியாக இருப்பார் என்று நினைத்தீர்களா? துப்பாக்கிக் கவலை போய் முடிச்சுக் கவலை வந்தது. கயிறே வேண்டாம் என்றால், களவா மாதிரிப் பெரிய மீன் ஈட்டியோடு போய்விடும். துப்பாக்கியில் மட்டும் கட்டினால் துப்பாக்கியையும் இழுத்துக்கொண்டு போய்விடும். அப்புறம் பழையபடி பொந்து வாசலில் கிடக்க வேண்டியதுதான். கயிறு வேண்டும், ஆனால் நினைத்தவுடன் அவிழ வேண்டும். ஹெர்பர்ட் ஸ்டேஷன் வாசலில் ஜட்கா வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். குதிரையைக் கம்பத்தில் கட்டுவதற்கு வண்டிக்காரர்கள் ஒரு முடிச்சுப் போடுவார்கள். குதிரை எவ்வளவு இழுத்தாலும் இறுகுமே ஒழிய அவிழாது. தொங்கும் நுனியை ஆள் பிடித்துச் சுண்டினால் மொத்தமும் கழன்று விழும். சவாரி வந்ததும் உடனே கிளம்ப வேண்டுமே, அதற்காக. அதைக் கற்றுக்கொண்டு வந்து மாப்பிள்ளைக்குப் பாடம் எடுத்தார்.

சாப்பிடும்போது முடிச்சு. கண்ணைக் கட்டிக்கொண்டு முடிச்சு. இடக்கையால் முடிச்சு. வாளித் தண்ணீரில் முகத்தை அமுக்கிக்கொண்டு முடிச்சு. மைக்கேல்ராஜ் முகம் சுளிக்காமல் எல்லாவற்றுக்கும் உட்பட்டார். நினைவோடு கட்டும்போது ஜட்கா முடிச்சு அழகாக விழுந்தது. ஆனால் ஹெர்பர்ட் சும்மா இருப்பவரா? நடுவில், "மாப்ள, தூத்துக்குடியில இப்ப மழை உண்டா?" என்று பேச்சுக் கொடுப்பார். பதில் சொல்லிக்கொண்டே மாப்பிள்ளை கட்டுவார். பார்த்தால் பழைய முடிச்சு. கல் மாதிரி. ஹெர்பர்ட் உட்கார்ந்து அதைப் பிரிப்பார். ஊருக்குக் கிளம்புகிற அன்று காலையில்கூட, ஹோல்டாலைக் கட்டச் சொன்னபோது அந்தக் கை அதே முடிச்சைத்தான் போட்டது. ஜோசஃபின் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஸ்டேஷனுக்கு எல்லோரும் போனோம். ஹெர்பர்ட் அன்று லீவு போட்டிருந்தார். மதராஸ் ரயில் வந்து நின்றது. வேறொருவர் சக்கரம் தட்டிக்கொண்டு வந்தார். ஹெர்பர்ட் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. சாக்கில் சுற்றிய துப்பாக்கியைப் பலகைக்கு அடியில் தாமே வைத்துவிட்டு இறங்கினார். கயிற்றை மட்டும் தனியாக மாப்பிள்ளையின் கையில் கொடுத்திருந்தார்.

"போதும் விடுங்கப்பா, அவரு கத்துக்கிட்டாரு," என்றாள் ஃபாத்திமா. ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது. மறுகையால் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தாள்.

"கத்துக்கிட்டாரும்மா. கை இன்னும் கத்துக்கல."

மைக்கேல்ராஜுக்கும் அன்று சிரிப்பு வரவில்லை. "போயிட்டு வாரேன்," என்று பெண்டாட்டியிடம் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். ஜோசஃபின் அவர் நெற்றியில் சிலுவை போட்டார். கார்டு விசில் ஊதினார். மாப்பிள்ளை ஏறி வாசலில் நின்றுகொண்டார்.

ரயில் நகர்ந்தது. ஃபாத்திமா கையை அசைத்தாள். மைக்கேல்ராஜும் அசைப்பார் என்று பார்த்தால், அவர் கயிற்றை வாசற்கம்பியில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். கண் கயிற்றின் மேல் இல்லை. ஃபாத்திமாவையே பார்த்துக்கொண்டு கட்டினார். என்ன முடிச்சு என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஹெர்பர்ட் ரயிலோடு நடக்க ஆரம்பித்தார். மாப்பிள்ளை நுனியைப் பிடித்துச் சுண்டினார். கயிறு மொத்தமும் கழன்று காற்றில் பறந்தது. அதை உயரத் தூக்கிக் காட்டினார்.

ஹெர்பர்ட் நடையை ஓட்டமாக்கினார். பிளாட்பாரத்தின் கடைசி வரை ஓடி, மேற்கொண்டு போக இடமில்லாமல் நின்று, வலதுகையைத் தலைக்குமேல் தூக்கி, ஒரு விரலைக் காட்டினார்: இன்னொரு தரம்.